துணிப் பாதங்கள்

கீழ்வீட்டில் அன்று பிரார்த்தனைக் கூட்டம். வந்தவர்கள் எல்லோரும் செருப்பைப் படிக்கட்டுக்கு வெளியே திறந்தவெளியில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போயிருந்தார்கள். பாட்டு உச்சத்தில் இருக்கும்போது வெளியே மழை பிடித்துக்கொண்டது. பாடுகிறவர்களுக்கு மழைச் சத்தம் கேட்கவில்லை. மாடி ஜன்னலோரம் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த தையல்காரிதான் அதைப் பார்த்தாள். வேலை முடிந்து வந்த அவள் கணவர், நேரே மாடி ஏறாமல், கையிலிருந்த குடையை அந்தச் செருப்புக் குவியலின் மேல் விரித்து வைத்தார். தான் நனைந்தபடியே குனிந்து, ஜோடி ஜோடியாகத் தேடியெடுத்து, படிக்கட்டின் அடியில் ஈரம் படாத இடத்தில் அடுக்கினார். எல்லாவற்றையும் தெருவைப் பார்த்தாற்போல் திருப்பி வைத்தார். வெளியே வருகிறவர் காலை நுழைத்தால் போதும், அப்படியே நடந்துவிடலாம்.

அவர் மேலே வந்து தலையைத் துவட்டும்போது அவள் கேட்டாள்.

"எல்லாமே கறுப்பு ரப்பர். எது யாருதுன்னு எப்படிங்க தெரிஞ்சுது?"

"அடியில தேஞ்சிருக்கே. ஒவ்வொருத்தர் நடையும் அவங்கவங்க செருப்புல எழுதியிருக்கும். கீழ்வீட்டு அக்காவுது உள்பக்கமா தேஞ்சிருக்கும். மருந்துக்கடைக்காரருக்குக் குதிகால்ல மட்டும் ஓட்டை."

"ஆபீஸ்ல பிழை திருத்துனது பத்தாதுன்னு செருப்பையும் திருத்திட்டு வர்றீங்களாக்கும்."

கூட்டம் முடிந்து வெளியே வந்தவர்கள் அசந்துபோனார்கள். "ஆண்டவன் செயல்!" என்று கீழ்வீட்டு அக்கா கையைக் கூப்பிக்கொண்டது மாடிவரை கேட்டது. அவர் சிரித்துக்கொண்டதோடு சரி. தையல்காரியும் யாரிடமும் மூச்சு விடவில்லை. அக்கா சொன்னதில் தப்பு ஒன்றும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவும் இல்லை. ஆண்டவன் ஒரு காரியத்தைச் செய்ய நினைத்தால், அவனுக்கும் ஒரு ஆளின் கைதானே வேண்டும்.

அந்த மனிதரைத் தெருவில் எல்லோரும் அகராதிக்காரர் என்பார்கள். ஆங்கில அகராதிகள் அச்சிடுகிற ஓர் அச்சகத்தில் அவர் பிழை திருத்துபவர். "அகராதி பிடிச்சவன்னா திமிர் பிடிச்சவன்னுதான் இத்தனை நாளா நெனச்சேன். இவ்வளவு சாதுவான அகராதிய இப்பத்தான் பாக்குறேன்" என்று கீழ்வீட்டு அக்கா அடிக்கடி வம்பிழுப்பாள். நெட்டையான ஆள். நடந்தால் ஒரு அடிக்கு மற்றவர்களின் இரண்டு அடி. கூட நடக்கிற தையல்காரி பாதி ஓட்டமும் பாதி நடையுமாகத்தான் போக வேண்டியிருக்கும்.

அகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் கடைசியில், எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் இரண்டு வரி இருக்கும். அந்தச் சொல் எங்கே பிறந்தது, எந்த ஊர் வாயில் எப்படித் திரிந்தது என்று சொல்லுகிற வரிகள். மற்ற திருத்துபவர்கள் கண் வலிக்கிறது என்று அதைத் தள்ளிவிடுவார்கள். இவர் விரும்பி வாங்கிக்கொள்வார். மற்ற ஆண்கள் வீடு திரும்பும்போது ஏதாவது தின்பண்டம் வாங்கி வருவார்கள் அல்லவா, இவர் ஒரு சொல்லைக் கொண்டுவருவார்.

"இன்னைக்கு என்ன கெடச்சுது?" என்று அவளும் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்பாள். அவள் படித்தது தொடக்கப் பள்ளியோடு சரி. ஆங்கிலத்தில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் காலர், கஃப், பட்டன், ஜிப். ஆனாலும் அவர் சொல்லுகிற சொற்கதைகள் அவளுக்குப் பிடிக்கும். துணி எங்கே நெய்தது என்று தெரிந்துகொண்டு தைப்பது போல இருக்கும்.

ஒரு சாயங்காலம் அவர் 'லேர்ன்' என்ற சொல்லோடு வந்தார். வெயில் சாய்ந்து, அறை முழுக்கத் தேன் நிறமாக இருந்தது. அறுந்த நூல்துணுக்குகள் காற்றில் மிதந்துகொண்டிருந்தன.

"லேர்ன்னா கத்துக்கிறது. அது உனக்கே தெரிஞ்சிருக்கும். ஆனா அதோட பாட்டன் முப்பாட்டன் காலத்துல அதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? தடத்தைப் புடிச்சுப் போறது. முன்னாடி ஒருத்தர் நடந்த சுவட்டுமேல நாமளும் நடக்கிறது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான். செருப்பு தைக்கிறவங்க கால் மாதிரி ஒரு மரக்கட்டை வெச்சிருப்பாங்கல்ல, அதுக்கு இங்கிலீஷ்ல லாஸ்ட்டுன்னு பேரு. அதுவும் இந்தக் குடும்பம்தான். கால் தடம்னு அர்த்தம். லத்தீன்ல ஒரு சொந்தக்காரன் இருக்கான், லீரான்னு. அவனுக்கு உழவுச்சால்னு, ஏர் கீறிட்டுப் போற கோடுன்னு அர்த்தம். சாலை விட்டு ஏர் விலகிப் போச்சுன்னா அதுக்கு ஒரு சொல்லு, அதுலேர்ந்து வந்ததுதான் டெலிரியம். புத்தி தடம் மாறி ஒளர்றது."

அவள் மிஷினை நிறுத்திவிட்டு யோசித்தாள். "அப்ப ஏர்ல பூட்டுன மாடுதான் ஒலகத்துலயே மொதல் மாணவனா?"

அவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "நம்ம மொழியில கல்லுறதுன்னா தோண்டுறது. கல்வியும் அதுலேர்ந்து வந்ததுன்னு சில பேர் சொல்றாங்க."

"பாருங்க, அவங்க நடக்குறாங்க, நாம தோண்டிக்கிட்டே இருக்கோம். அதான் இன்னும் இந்த மாடிய விட்டு எறங்கவே இல்ல" என்று சொல்லிவிட்டு அவள் மிஷினை ஓட்ட ஆரம்பித்தாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. துணி மடிப்புக்குள் விழுந்த ஊசி மாதிரி எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது.

மகன் பெரியவனாகி வேலை கிடைத்து வேறொரு நகரத்துக்குப் போனான். வீட்டில் இவர்கள் இருவரும், மிஷினும். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற இருந்த சமயத்தில் ஒரு காலை, சட்டைக்குப் பட்டன் போடும்போது அவர் வலது கை பாதியில் நின்றுபோனது. "என்னங்க?" என்று திரும்பினாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பதில் சொல்லப் பார்த்தார். வந்தது சொல் இல்லை, வெறும் சத்தம்.

ஆஸ்பத்திரியில் முதல் சில நாட்கள் அவர் கண்ணைத் திறந்துகொண்டே எங்கேயோ இருந்தார். கூரையைப் பார்த்துக் கையை ஆட்டினார். யாரையோ கூப்பிட்டார். டாக்டர் நர்ஸிடம் மெதுவாகச் சொன்ன பேச்சில் ஒரே ஒரு சொல்தான் தையல்காரிக்குப் புரிந்தது. டெலிரியம். மற்றவர்கள் பயப்படுகிற இடத்தில் அவளுக்கு ஏனோ பயம் கொஞ்சம் தணிந்தது. உழவுச்சாலை விட்டு விலகியிருக்கிறார், அவ்வளவுதானே. சால் அங்கேயேதானே இருக்கிறது. ஆண்டவனே, ஏரைத் தூக்கி மறுபடியும் சாலில் வைத்துவிடு என்று வேண்டிக்கொண்டாள். வேறு எப்படிக் கேட்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

புத்தி திரும்பிவிட்டது. வலது கையும் காலும் பேச்சும்தான் திரும்பவில்லை. சொற்களாலேயே வாழ்ந்த மனிதருக்கு 'அது', 'இல்ல', 'வா' என்று கைப்பிடிச் சொற்கள்தான் மிஞ்சின. நாலு பேர் சேர்ந்து நாற்காலியோடு தூக்கித்தான் அவரை மாடிக்குக் கொண்டுவந்தார்கள். படிக்கட்டின் திருப்பத்தில் கீழ்வீட்டு அக்கா, "பாத்துப்பா, பாத்து, அகராதி கனமான புஸ்தகம்!" என்று கத்தியதில் தூக்கினவர்கள் சிரித்து, நாற்காலியே ஆடிப்போனது.

மகன் போனில் பேசினான்.

"அம்மா, இனிமே அந்த மாடி வீடு சரிப்படாதும்மா. படி வேற செங்குத்து. இங்க லிஃப்ட் இருக்கு, எல்லாம் இருக்கு. அடுத்த மாசம் லீவு போட்டுட்டு வர்றேன். அப்பா தானா எறங்கி மருந்துக்கடை முனை வரைக்கும் வந்தாருன்னா, நீங்க அங்கயே இருங்க, நான் ஒண்ணும் சொல்லல. இல்லன்னா ரெண்டு பேரும் என்கூட வந்துடணும்."

"மிஷின்?"

"இங்க எடம் இல்லம்மா. உனக்கு இனிமே எதுக்கு மிஷின்?"

அவன் அன்பாகத்தான் சொன்னான். அதனால்தான் அவளால் சண்டை போடவும் முடியவில்லை. போனை வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள். "போயிடலாமாங்க?" என்றாள். அவர் நல்ல கையை நீட்டி, மிஷினின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பிசியோ பெண் வந்தாள். துறுதுறுவென்று இருப்பாள், சட்டையில் எப்போதும் ஒரு பட்டன் தொங்கும். "சாருக்குக் கால்ல பலம் இருக்கும்மா. எங்க வைக்கணும்னு மூளைக்குத்தான் தெரியல. எங்க ஹால்ல தரையில பாதம் பாதமா பெயிண்ட் அடிச்சிருப்போம், பாத்தீங்களா? அதே மாதிரி இங்கயும் ஒட்டிடுங்க. அது மேல காலை வெச்சு வெச்சுப் பழகட்டும். சார் முன்ன எப்படி நடப்பாரோ, அந்த அளவுக்கு எடைவெளி விடணும், அவ்வளவுதான்."

தையல்காரிக்கு அதைவிடச் சந்தோஷமான வேலை கிடைக்குமா? அவருடைய பழைய செருப்பைத் துணிமேல் வைத்துச் சாக்குக்கட்டியால் வரைந்தாள். இடது பாதத்துக்கு நீலம், வலதுக்குக் கட்டம் போட்ட பழுப்பு. வெட்டிய ஓரம் பிரியுமே என்று ஒவ்வொரு பாதத்துக்கும் ஓரம் மடித்துத் தைத்தாள். அதைப் பார்த்த கீழ்வீட்டு அக்கா, "பாதத்துக்கு ஓரம் மடிச்சுத் தைச்சவ ஒலகத்துலயே நீ ஒருத்திதான்டி. ஒரு பாக்கெட்டும் வெச்சுடேன்" என்றாள்.

இடைவெளிதான் குழப்பமாக இருந்தது. இத்தனை வருடம் கூடவே நடந்தும் அவர் அடியை அவள் அளந்ததில்லை. அதனால் ஒரு மத்தியானம், அவர் தூங்கும்போது, அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் நடந்துவருவதை மனசுக்குள் பார்த்தாள். வெயிலில், மழையில், கையில் குடையோடு, எல்லாக் காலங்களிலும் அவர் அவள் முன்னால் நடந்து போய்க்கொண்டிருந்தார். அந்த நடையை நினைத்துக்கொண்டே, கனவில் நடப்பவள் போல, கட்டிலிலிருந்து மிஷின்வரை, மிஷினிலிருந்து அடுப்படிவரை, அங்கிருந்து வாசல்வரை நடந்தாள். கால் விழுந்த இடத்திலெல்லாம் கட்டியால் குறித்தாள். பிறகு பசை தடவி, சுருக்கமில்லாமல், துணிப் பாதங்களை ஒட்டினாள். அறை முழுக்க யாரோ கண்ணுக்குத் தெரியாத ஒருவர் நடமாடுவது போல் இருந்தது.

அவர் கண் விழித்து அதைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நீலத்தின்மேல் இடது காலை வைத்தார். பழுப்பின்மேல் வலது காலை இழுத்து வைத்தார்.

அதன் பிறகு அதுவே அந்த வீட்டின் வேலையானது. மிஷின் ஓடும், அவர் நடப்பார். முதலில் அவள் தோள், பிறகு சுவர், பிறகு ஊன்றுகோல் மட்டும். சில மத்தியானங்களில் மிஷின் சத்தமும் ஊன்றுகோல் சத்தமும் ஒரே தாளத்தில் சேர்ந்துகொள்ளும். அப்போது அவள் தலையைத் தூக்கமாட்டாள். தூக்கினால் கலைந்துவிடும் என்று ஒரு பயம்.

பிசியோ பெண் வேறு நோயாளிகளிடம் போயிருந்து, சில வாரம் கழித்து வந்தாள். மகன் வருவதற்கு இரண்டு நாள் இருந்தது. அவர் நடந்து காட்டினார். கட்டிலிலிருந்து கிளம்பி, சின்னச் சின்ன அடியாக, இடுப்பை லேசாக ஆட்டி, மிஷினுக்குப் பக்கத்தில் வந்ததும் இடது பக்கமாக ஒரு வளைவு வளைந்து, வாசலுக்குப் போனார். பிசியோ பெண் கை தட்டப்போனவள் நிறுத்திக்கொண்டாள்.

"அம்மா, இங்க ஏன் சார் வளைஞ்சு போறாரு?"

"அங்க பெட்டி இருக்குல்லம்மா, இடிச்சுக்குவாரே."

"எந்தப் பெட்டி?"

தையல்காரி பார்த்தாள். அங்கே பெட்டி எதுவும் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. மகன் வேலைக்குப் போனபோது அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவள் கால்கள்தான் இன்னும் அந்தப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன.

"இப்ப இல்ல" என்றாள் மெதுவாக.

"கொஞ்சம் நடந்து காட்டுங்கம்மா."

அவள் நடந்தாள். ஒவ்வொரு அடியும் துணிப் பாதத்தின்மேல் பிசகாமல் விழுந்தது. பிசியோ பெண்ணுக்குச் சிரிப்பும் கவலையும் ஒன்றாக வந்தன. "ஐயோ அம்மா, இது உங்க நடை! சார் உங்க நடைய கத்துக்கிட்டு இருக்காரு. இவ்வளவு ஒசரமான மனுஷன் இவ்வளவு சின்ன அடி வெச்சா தெருவுல தடுமாறுவாரேம்மா. இத எடுத்துட்டு, அகலமா வேற ஒட்டணும். மறுபடி பழக கொஞ்ச நாளாகும்."

"எவ்வளவு நாளாகும்மா?"

"சொல்ல முடியாது" என்று அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனாள்.

அளவு எடுத்தே பிழைக்கிறவள், கட்டின புருஷனுக்குத் தன் அளவை வைத்துத் தைத்துவிட்டாளே. ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் ஒரு கத்திரியும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கட்டிலோரத்து நீலப் பாதத்தை நனைத்து, ஓரத்தை நெம்பினாள். அதன்மேல் ஒரு கால் வந்து நின்றது. நிமிர்ந்து பார்த்தாள்.

"எடுங்க காலை. தப்பா ஒட்டிட்டேன். என்னால நாம ஊரைவிட்டே போகப்போறோம்."

அவர் எடுக்கவில்லை. அவள் அடுத்த பாதத்துக்கு நகர்ந்தாள். அவரும் நகர்ந்து அதன்மேல் நின்றார். அதற்கு அடுத்ததற்குப் போனாள். அங்கேயும் வந்தார். கட்டிலிலிருந்து மிஷின்வரை அவள் தவழ்ந்துகொண்டும் அவர் பின்னாலேயே மிதித்துக்கொண்டும் வந்தார்கள். இல்லாத பெட்டியைக்கூட இரண்டு பேரும் வளைந்தே கடந்தார்கள்.

"என்னங்க இது, வெளையாட்டா?" என்று அழுகையோடு கேட்டாள்.

அவர் வாயைத் திறந்தார். தொண்டை அசைந்தது. எங்கேயோ ஆழத்தில் இறங்கித் தேடுவது போல் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஒரு சொல்லை எடுத்துவந்தார்.

"லேர்ன்."

அவள் கத்திரியைத் தரையில் வைத்தாள்.

"தடம்" என்றார். பிறகு தன் கால், அடியில் இருந்த துணி, தரையில் உட்கார்ந்திருந்த அவள் என்று ஒவ்வொன்றாகக் கையைக் காட்டினார். "உன்... தடம்."

தேன் நிறமான அந்தச் சாயங்காலம் நூல்துணுக்குகளோடு அறைக்குள் திரும்பி வந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப நீங்க மாடு, நான் ஏர் ஓட்டுறவளா?" என்றாள். அவர் பாதி முகத்தால் சிரித்தார். பேச்சு போன பிறகு அவர் சிரித்து அவள் பார்த்தது அப்போதுதான்.

மறுநாள் காலை படிக்கட்டில் முயன்று பார்த்தார்கள். நாலு வீட்டார் ஏறி இறங்குகிற படி. அங்கே துணி ஒட்ட முடியாது. அதனால் அவளே முன்னால் இறங்கினாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அவள் குதிகாலையே பார்த்தபடி அவர் பின்னால் இறங்கினார். அப்போதுதான் அவளுக்கு ஒன்று விளங்கியது. அந்தப் படி குறுகலான படி. நெட்டையான அவர் பழைய நாட்களில் பாதத்தைக் குறுக்காகத் திருப்பி, திருப்பத்தில் தலையில் இடித்துக்கொண்டு, அடிக்கடி தடுமாறித்தான் இறங்குவார். அவளோ துணி மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கீழே பார்க்க முடியாமல், வருடக்கணக்காக அதே படியில் ஏறி இறங்கியவள். அவளுடைய சின்ன அடி, இடுப்பின் லேசான ஆட்டம், திருப்பத்தில் ஒரு குனிவு, எல்லாமே அந்தப் படி அவளுக்குக் கொடுத்ததுதான். அந்த நடைக்கு அந்தப் படி அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. ஒரு இடத்தில்கூட அவர் தடுமாறவில்லை. ஆண்டவன் தன்னைக் கண்ணை மூடச் சொன்னது இதற்காகத்தானோ என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மகன் வந்த அன்று காலை லேசான மூடுபனி. பெட்டியோடு மருந்துக்கடை முனையில் வண்டியை விட்டு இறங்கினவன், தெருவின் அந்தக் கோடியில் ஓர் உருவம் வருவதைப் பார்த்தான். சின்னச் சின்ன அடி, லேசான ஆட்டம். தூரத்திலிருந்தே தெரிந்தது. அம்மா. ஆனால் அம்மா ஏன் அப்பாவின் சட்டையைப் போட்டிருக்கிறாள்? அம்மா எப்போது இவ்வளவு உயரமானாள்? கனவு காண்கிறவன் போல் அவன் அப்படியே நின்றான். உருவம் பக்கத்தில் வந்து, ஊன்றுகோலைத் தூக்கி அவன் பெட்டியைத் தட்டியது.

"வா" என்றார் அப்பா.

"அப்பா, நீங்களா! அம்மா எங்கப்பா?"

அவர் வாசல் பக்கம் கையைக் காட்டினார். அவள் படிக்கட்டின் அடியில், வாய்க்குள் பிரார்த்தனையோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கூட வரவேண்டாம் என்று அவர்தான் கையமர்த்திவிட்டு வந்திருந்தார்.

மகன் லிஃப்டைப் பற்றி மறுபடி வாயைத் திறக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறும்போது திருப்பத்தில் அவன்தான் மடாரென்று தலையில் இடித்துக்கொண்டான். "உங்க அப்பன் நடைடா அது. உன் அம்மாகிட்ட வேற வாங்கிக்க" என்றாள் கீழ்வீட்டு அக்கா.

அந்த வீட்டிலேயே அவர்கள் பல வருடம் இருந்தார்கள். துணிப் பாதங்களை யாரும் எடுக்கவில்லை. அவையாகவே நூல் நூலாகத் தேய்ந்து, பெருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டன. அவரோ அவை இல்லாத தரையிலும் அந்த வளைவை விடவில்லை. சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின, எல்லாம் இல்லை. "இன்னைக்கு என்ன கெடச்சுது?" என்று அவள் மிஷினிலிருந்து கேட்பாள். சில நாள் 'குடை' என்பார். சில நாள் 'மழை' என்பார். ஒரு நாள் நாள்முழுக்க யோசித்துவிட்டு 'மருந்துக்கடைக்காரர்' என்று முழுசாகச் சொல்லி, களைத்துப்போய்த் தூங்கிவிட்டார். தெருவில் போகும்போது அவள் அடியும் அவர் அடியும் ஒன்றாக விழுந்தன. அவள் ஓட வேண்டியிருக்கவில்லை.

பிறகு அவருக்கு நெஞ்சில் சளி கட்டி, மறுபடியும் ஆஸ்பத்திரி. தன் காலாலேயே படியிறங்கித்தான் போனார். ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. அவள் கூடவே இருந்தாள். ஒரு சாயங்காலம், மாற்றுச் சட்டை எடுத்துவர வீட்டுக்குக் கிளம்பினாள். வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. போர்வையை இழுத்துவிட்டு, "சீக்கிரம் வந்துடுறேங்க" என்றாள். அவர் அவள் விரலைப் பிடித்துக்கொண்டார். கட்டிலுக்கு அடியில் அவர் செருப்பு சுவரைப் பார்த்துக் கிடந்தது. சொற்களை ஒவ்வொன்றாகத் தேடியெடுத்து, அவசரமில்லாமல் சொன்னார்.

"மழை வருது. மெதுவா போ. என் செருப்ப மட்டும் வாசல் பாத்துத் திருப்பி வெச்சுட்டுப் போ."